மொந்தன் மாப்பிள்ளை

நந்திக்குறிச்சி மேலத்தெருவில் மொத்தம் முப்பத்தொரு வீடுகள். அதில் பதினேழாவது வீட்டில் மங்கையர்க்கரசி இருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தாறு, வேலை அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை, அமெரிக்காவில் அப்பா அம்மா அண்ணன் என்று மூன்று பேர், இங்கே துணைக்கு அப்பாவின் அக்கா சொர்ணம் அத்தை. இவர்கள் போக, கொல்லையில் அடிபம்புக்குத் தெற்கே, அவள் அறை ஜன்னலிலிருந்து சரியாக நாலடி தள்ளி, வெட்டிப்போட்ட மூன்றாம் நாள் தானே வந்து நின்ற ஒரு வாழை.

வாழை வருவதற்கு முன்பே மனு வந்துவிட்டது. அண்ணன் தாயுமானவன் நியூ ஜெர்சிக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையில் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, அப்பா சபாநாயகத்தையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டான். பெற்றோருக்குக் கொடுக்கிற அந்த அனுமதியில் கூடப்பிறந்தவளைச் சேர்த்துக்கொள்ள இடமில்லை என்பதால் மங்கை இங்கேயே நின்றுவிட்டாள். அப்பாவின் கைக்குக் கிரீன் கார்டு வந்த பதினெட்டாம் நாள் அவர் மகளுக்கு மனு போட்டார். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வளர்ந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வரிசை இருக்கிறது என்றும், அது மணமாகாத பிள்ளைகளுக்கு மட்டுமான வரிசை என்றும் சொன்னது பக்கிரிசாமிதான்.

தாலுக்கா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பக்கிரிசாமி எட்டாவதுவரை படித்தவர், ஆனால் அந்த வட்டாரத்தில் கடல் தாண்டிய அத்தனை பேரின் விண்ணப்பப் பாரமும் அவர் விரல் வழியாகத்தான் போயிருந்தது, ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவர் மங்கையை ஸ்டூலில் உட்காரவைத்து விஷயத்தை விளக்கினார்: மனு போட்டவர் உயிரோடு இருக்க வேண்டும், மனுவில் இருப்பவள் கல்யாணமாகாமல் இருக்க வேண்டும், நடுவில் ஒரு தாலி ஏறிவிட்டால் அன்றைக்கே மனு செத்துப்போகும், பிறகு அந்தத் தாலி இறங்கினாலும் மனு எழுந்து வராது. எவ்வளவு நாள் என்று அவள் கேட்டதற்கு, மாதாமாதம் அமெரிக்காவில் ஒரு பட்டியல் போடுவார்கள், இந்தத் தேதிக்கு முன்னால் மனு போட்டவர்கள் வரலாம் என்று அதில் இருக்கும், உன் தேதி வரும்வரை என்றார்.

அந்தப் பட்டியலை மாதாமாதம் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி, மங்கையின் வரிசையில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். தேதி ஒரு மாதம் மூன்று வாரம் நகரும், ஒரு மாதம் ஐந்து நாள் நகரும், ஒன்பது மாதம் அசையாமல் கிடக்கும், ஒரு தடவை பதினோரு மாதம் பின்னால் போய்விட்டது. முன்னால் போக வேண்டிய தேதி எப்படி அண்ணே பின்னால் போகும் என்று மங்கை கேட்டாள். கூட்டம் கூடிப்போனால் நாளைக்கு வா என்று ரேஷன் கடையில் சொல்வதில்லையா என்றார் அவர். ஆனால் நேற்றைக்கு வா என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையே என்று யோசித்துக்கொண்டே அவள் மருத்துவமனைக்குப் போனாள். அன்று ஒரே ரத்தத்தில் தட்டணுக்களை மூன்று தடவை எண்ணினாள், மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது.

அந்த வருடங்களில் வந்த வரன்கள் பதினான்கு. பதினான்குக்கும் ஒரே பதில்தான், விசா வரட்டும். பதினோரு பேர் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் பதிலே சொல்லவில்லை, ஒருவர் நான்கு வருடம் காத்திருந்துவிட்டு, மன்னிக்கவும் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போனார். ஒன்பதாவது வருடம் தேதி நெருங்குவதுபோல இருந்தபோது, அங்கேயே டாலஸில் ஒரு பையன் இருக்கிறான், வந்து இறங்கியதும் முடித்துவிடலாம் என்று அம்மா ஜாதகத்தை அனுப்பச் சொன்னாள். ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் இருந்தது. முதல் மாலை வாழைக்கு விழட்டும், இரண்டாவது மாலை பையனுக்கு விழட்டும் என்றார் ஜோசியர். இது ஊரில் எத்தனையோ பெண்களுக்குச் செய்கிற பரிகாரம்தான், ஒரு காலை வேலை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றங்கரைக் கோயிலில் குருக்கள் மஞ்சள் கயிற்றை வாழைத்தண்டில் சாத்தி எடுத்து, மங்கையின் கழுத்தில் மூன்று முடிச்சும் போட்டு, அரைமணி நேரம் கழித்துக் கழற்றி, மறுபடி வாழைக்கே சுற்றினார். கோயில் ஆள் அரிவாளை ஓங்கி முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டாக வெட்டினான். திரும்பிப் பார்க்காமல் போய் முழுகிவிட்டு வாருங்கள் என்றார்கள். மங்கையும் திரும்பிப் பார்க்காமல் போய் முழுகிவிட்டு வந்தாள். செய்ய வேண்டியதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. திங்கட்கிழமை காலை பல் தேய்க்கப் போன சொர்ணம் அத்தை, அடிபம்புக்குத் தெற்கே அந்த வாழை நிற்பதைப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்ட இடம் வளையம்போலக் கூடியிருந்தது, மேலே மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது.

அத்தை சமையலறைக்குப் போய் அரிவாள்மணையிலிருந்து அரிவாளைக் கழற்றி எடுத்துவந்து வெட்டினாள். வியாழக்கிழமை மறுபடி நின்றது. ஆள் வைத்து வெட்டித் துண்டுபோட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நின்றது. மூன்றாம் தடவை வெட்டிக் காவிரியில் விட்டாள், அதற்கும் மூன்றாம் நாள் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றது. அதன் பிறகு அத்தை அரிவாளைத் திருப்பி மணையில் மாட்டி, அதிலேயே கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்காதான் முதலில் வந்து தண்டைத் தட்டிப் பார்த்து, இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்து, மொந்தன் ரகம் என்று சொன்னவள். "பூவனா இருந்தா பரவாயில்ல. எங்க பக்கம் மொந்தனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்" என்று அவள் சொன்னதைத் தெருவே நாலு நாள் சொல்லிச் சிரித்தது. ஐந்தாம் நாள் சிரிப்பு அடங்கி முறைகள் ஆரம்பித்தன. வெட்டினாலும் போகாதவரை என்ன செய்வது, வந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டியதுதான் என்று தெருப் பெண்கள் முடிவு செய்தார்கள். எப்போது அது அவர் ஆனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை; மாசி பிறந்தபோது எல்லாருக்கும் அவர்தான்.

அவருடைய இலையை யாரும் அறுக்கவில்லை, விசேஷங்களுக்குச் சந்தையில் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் அடிபம்புக்கு வந்தால் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு தண்ணீர் அடித்தார்கள். வீட்டில் சண்டை போட்ட ஆண்கள் வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள், அவர் யாரிடமும் எதையும் திருப்பிச் சொல்வதில்லை என்று அவருக்கு நல்ல பெயர். கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் வாசல் சுவரில் சாக்பீஸால் வீட்டு நபர்கள் மூன்று என்று எழுதிவிட்டுப் போனார். முசிறியில் காய்ச்சல் முகாம் என்று மங்கையை ஒன்பது நாள் அனுப்பினார்கள். அவள் தங்கியிருந்த விடுதியின் ஜன்னலடியில் இரண்டாம் நாள் காலை அவர் நின்றார், அதே நேரத்தில் அடிபம்புப் பக்கம் ஒரு குழி மட்டும் இருந்தது என்று அத்தை போனில் சொன்னாள். முகாம் முடிந்து மங்கை திரும்பியபோது அவர் ஒரு நாள் தாமதமாக வந்தார். பஸ்ஸைத் தவறவிட்டிருப்பார் என்றார்கள்.

ஆடி வந்தது. புதுசாகக் கல்யாணமானவளை ஆடியில் பிரித்து வைக்க வேண்டும் என்று தனபாக்கியம் அக்கா மங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய் முப்பத்திரண்டு நாள் வைத்துக்கொண்டாள். அவர் பின்னாலேயே எதிர்வீட்டுக்கு வந்துவிடுவாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள், அவர் ஆடி முழுக்க நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முறை தெரிந்தவர் என்று தெரு மெச்சியது. பதினெட்டாம் பெருக்கன்று புதுப்பெண்களுக்குத் தாலிக்கயிறு மாற்றினார்கள். மங்கையின் கயிறு அவர் கழுத்தில் அல்லவா இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்த, ஏழு பெண்கள் கொல்லைக்கு வந்து பழைய கயிற்றை எடுத்துவிட்டு மஞ்சள் தோய்த்த புதுக் கயிற்றைத் தண்டில் சுற்றினார்கள். தலைதீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கட்டினார்கள். தெருவில் அவளைப் பார்க்கிற கிழவிகள், வேறு வீட்டுப் பெண்ணிடம் விசேஷம் உண்டா என்று கேட்பதுபோலவே, இன்னும் பூத் தள்ளலையா என்று கேட்டார்கள். இல்லை பாட்டி என்று அவளும் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் ஏன் அதற்கு வெட்கப்பட்டோம் என்று தெரியாமல் நடந்தாள்.

இதில் மங்கைக்கு எதுவுமே விளங்கவில்லை. ஒரு தையல் டேப் எடுத்துத் தினமும் காலையில் ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே அளந்து, டைரியில் எழுதினாள், எப்போதும் நாலடி. அவள் அவரிடம் பேசியதில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து அடிபம்பில் கால் கழுவும்போது, இன்றைக்கு நாற்பத்தொன்று ஸ்லைடு, இரண்டில் மலேரியா என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் எப்படியோ வந்திருந்தது. பதினான்கு பேருக்கு விசா வரட்டும் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டும் போகாத பதினைந்தாவது ஆள் ஒருவர் கொல்லையில் நிற்கிறார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

வாழை வந்து நான்கு மாதம் கழித்துத்தான் அப்பாவிடம் சொன்னார்கள். பதிவு செய்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். அம்மா அழுதாள், பிறகு அழுகையை நிறுத்தி, ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டாள்; டாலஸ் பையன் பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதங்களில் அப்பாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. வீடியோவில் மங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மங்கை வந்துட்டாளா என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டார். கதவைத் திறந்துகொண்டு பனியில் நடந்து போய்விடுகிறார், அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போனபின் தன்னால் ஒற்றையாகப் பார்க்க முடியவில்லை என்று அம்மா சொன்னாள். "நீ வந்தாத்தான் நான் உக்காருவேன்" என்றாள். மனு போட்டவர் இருக்கும்வரைதான் மனு என்று பக்கிரிசாமி சொன்னது மங்கையின் காதில் நின்றது.

மாசி மாதப் பட்டியலில் மங்கையின் தேதி வந்தது. பக்கிரிசாமி சிவப்புக் கோட்டை இரண்டு தடவை போட்டார். பாரத்தை நிரப்ப அவளை உட்காரவைத்து, பெயர், பிறந்த தேதி, இருந்த ஊர்கள் எல்லாம் தட்டச்சிட்டு வந்தவர், எத்தனை முறை திருமணம் என்கிற கட்டத்தில் கையை எடுத்துவிட்டார்.

பூஜ்யம் என்று போடுங்கள் அண்ணே என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைதீபாவளிக்கு வேட்டி எடுக்க நானும் பங்கு போட்டிருக்கிறேனே என்றார். இந்தக் கடையிலிருந்து இதுவரை ஒரு பொய்கூட அந்தப் பக்கம் போனதில்லை, அதனால்தான் ஒன்றும் திரும்பி வரவில்லை என்றார். திருமணமாகாதவர் என்று சான்றிதழ் ஒன்று தாலுக்காவில் கொடுக்கிறார்கள், அதை வாங்கி வந்தால் பூஜ்யத்தைப் போடுகிறேன் என்றார். அமெரிக்காவில் அதைக் கேட்கிறார்களா என்று மங்கை கேட்டாள். "அவன் கேக்கல தங்கச்சி. நான் கேக்கறேன்" என்றார்.

சான்றிதழுக்கு விசாரணை செய்ய வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர் செந்தாமரை. அவர் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கி, தெருவில் ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்றார். முப்பத்தொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் கூடிவிட்டார்கள், கையெழுத்துப் போட மட்டும் யாரும் முன்னால் வரவில்லை. மங்கை அப்பாவிடம் போக வேண்டும் என்பதில் ஒருவருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதிக்கொடுப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை.

"ஆடிக்குப் பிரிச்சு வச்சவ நான்" என்றாள் தனபாக்கியம் அக்கா. "கல்யாணமே ஆகாதவள எதுக்குடி பிரிச்சு வச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ஆனது என்று எழுதினால் பெண்ணின் பயணம் கெட்டுவிடும் என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். ஆனது ஆனால் ஆகவில்லை என்று எழுத முடியுமா என்று அவரே கேட்டார். பாரத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது என்றார் செந்தாமரை. வாழையை வெட்டியாயிற்று, அதனால் அன்றைக்கே முடிந்துபோன கல்யாணம்தானே என்றான் ஒரு இளைஞன்; அப்படியானால் அவள் தாலியறுத்தவள் என்றாகும், உயிரோடு நிற்கிறவரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிற வாயைக் கழுவு என்று நாலு பெண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். மங்கை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று அவளுக்குத் தோன்றியது.

செந்தாமரை கொல்லைக்குப் போனார். வேட்டியையும் கயிற்றையும் நான்கு வளையங்களையும் பார்த்தார். திரும்பி வந்து நோட்டைத் திறந்தார்.

"அவருக்கு ஆதார் இருக்கா?"

இல்லை என்றார்கள்.

"ரேஷன் கார்டுல பேரு?"

இல்லை.

"ஓட்டு?"

"அவரு எங்க ஓட்டுப் போட்டாரும்மா" என்றாள் தனபாக்கியம் அக்கா.

"அப்ப எங்க கணக்குல அப்படி ஒருத்தர் கிடையாது. கணக்குல இல்லாதவர் யாருக்கும் வீட்டுக்காரரா இருக்க முடியாது. போடுங்க கையெழுத்த."

ஐந்து பேர் போட்டார்கள். போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கொல்லைப் பக்கம் போய் வந்தார்கள். தனபாக்கியம் அக்கா அவர் தண்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "பாரத்துக்காகத் தம்பி, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. அன்றே பக்கிரிசாமி பூஜ்யத்தைப் போட்டார். மறுநாள் காலை மங்கை டேப் பிடித்து அளந்தபோது அவர் பதினோரடி தள்ளி நின்றார். அவள் இரண்டு தடவை அளந்தாள், இரண்டு தடவையும் பதினோரடிதான். டைரியில் அதை எழுதவில்லை, எழுதாததற்கும் அவளிடம் காரணம் இல்லை.

நேர்காணல் மும்பையில், ஆனி மாதம். அத்தைக்கு மூட்டுவலி, அண்ணனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, மங்கை தனியாகவே ரயிலேறினாள். மருத்துவப் பரிசோதனைக்கு முதலில் போக வேண்டியிருந்ததால் மாட்டுங்காவில் ஒரு லாட்ஜில் ஐந்து நாள் தங்கினாள். இரண்டாம் நாள் காலை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கீழே ஒரு ஸ்கூட்டரும் தண்ணீர் டிரம்மும்தான் இருந்தன. மூன்றாம் நாளும் அப்படியே. அத்தைக்குப் போன் செய்தாள்.

"கொல்லையில இல்ல. நீ போன மறுநாளே குழிதான் கெடக்கு" என்றாள் அத்தை. "அங்க வந்துட்டாரா?"

"இல்லத்தை."

எங்கே போனார் என்று தெருவே கேட்கிறது என்றாள் அத்தை. ஒழிந்தது என்று நினைத்தேன், பார்த்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றாள். நான்காம் நாள் அவர் இல்லை. ஐந்தாம் நாள் அவர் இல்லை. ரயில் வந்த தூரத்தை மங்கை அட்டவணையில் கூட்டிப் பார்த்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து, நடுவில் ஆறுகள் எத்தனை என்று எண்ணி, பிறகு காகிதத்தை மடித்து வைத்தாள். வராமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள், நினைத்த கையோடு மறுபடி ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

ஆறாம் நாள் நேர்காணல். பையும் போனும் அமெரிக்கத் தூதரகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்று எதிர்ப்பக்க நடைபாதையில் பைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவரிடம் கொடுத்தாள். அவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் முப்பது வருடமாக இருக்கிறார், தமிழ் கேட்டதும் அவள் பையைத் தனியாக வைத்துக்கொண்டார். அந்த நடைபாதை நெடுக, உள்ளே போனவர்களின் கணவர்களும் அப்பாக்களும் கையில் பையோடும் குழந்தைகளோடும் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

உள்ளே ஏழாம் ஜன்னலில் அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அப்புறம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் தமிழ் பேசுகிற பெண். வலதுகையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், அவள் உயர்த்திச் சொன்னாள். அப்பா பெயர், அம்மா பெயர், அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்றெல்லாம் கேட்டார்கள். பிறகு அந்தப் பெண், உங்களுக்கு எப்போதாவது கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டாள்.

அவ்வளவு சின்னக் கேள்விக்கு நடுவில் மங்கைக்கு எல்லாம் வந்தது: கழுத்தில் அரைமணி நேரம் கிடந்த கயிறு வந்தது, திரும்பிப் பார்க்காமல் முழுகிய தண்ணீர் வந்தது, செந்தாமரையின் இரண்டு கட்டங்களும் பக்கிரிசாமியின் பூஜ்யமும் வந்தன, ஆடி முழுக்க அசையாமல் நின்றவர் வந்தார், பனியில் செருப்பில்லாமல் கதவைத் திறந்துகொண்டு போகிற அப்பா வந்தார், இதில் எது உண்மை என்று கேட்டிருந்தால் எல்லாம் உண்மை என்று சொல்லியிருப்பாள், அவர்கள் அதைக் கேட்கவில்லை.

"இல்லை" என்றாள்.

அதிகாரி எதையோ தட்டினார். அவள் காகிதங்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்போடு, விசா அனுமதிக்கப்பட்டது, பாஸ்போர்ட் பத்து நாளில் வரும் என்று அந்தப் பெண் மூலமாகச் சொன்னார். ஒன்பது வருடம் ஒன்பது மாதம் காத்திருந்தது முடிய நான்கு நிமிடம் ஆனது. மங்கை நன்றி சொன்னாள். வெளியே வருகிற வழியைத் தவறவிட்டு, வந்த கதவுக்கே திரும்பப் போய், ஒரு காவலர் வழிகாட்ட, வெயிலுக்கு வந்தாள்.

சாலையைக் கடந்து இசக்கிமுத்துவிடம் போனாள். அவர் காலடியில் பத்துப் பன்னிரண்டு பைகள் இருந்தன, அவளுடையது இல்லை.

"என் பைண்ணே?"

"அந்தா, வச்சிருக்காருல்லா" என்று அவர் தாடையால் காட்டினார். "பத்தரை மணி இருக்கும், வந்து நின்னாரு. மேலெல்லாம் ஒரே புழுதி. எம்புட்டுத் தூரம் நடந்தாரோ. இங்கன நெழல்ல நில்லுங்கன்னேன், கேக்கல, நேரா அந்தக் கேட்டப் பாக்க நின்னுக்கிட்டாரு. பைய நீரே வச்சிக்கிடும்னு குடுத்துட்டேன். ஒங்க வீட்டுக்காரருதான?"

பைகளோடு நிற்கிற ஆண்களின் வரிசையில், ஒரு சர்தார்ஜிக்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு குஜராத்திக்காரருக்கும் நடுவே, அவர் நின்றார். நடைபாதைக் கல் பெயராமல் இருந்தது. காற்று இலைகளைக் கிழித்து நார் நாராக்கியிருந்தது, வேட்டியின் கீழ்ப்பகுதி செம்மண்ணும் கரிசலும் இன்னும் அவளுக்குப் பெயர் தெரியாத ஒரு மண்ணுமாக மூன்று நிறத்தில் இருந்தது. அவளுடைய நீலப் பை ஒரு இலைக்காம்பில் தொங்கியது. கனத்தில் அந்தக் காம்பு வளைந்திருந்தது, ஆனாலும் பை தரையில் படவில்லை.

இசக்கிமுத்து பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கையில் நோட்டு ஒன்று இருந்தது, யார் பையை யாரிடம் கொடுத்தோம் என்று எழுதிவைக்கிற நோட்டு. சாலைக்கு அந்தப்பக்கம், அவள் வலதுகையை உயர்த்திய கட்டடத்தின் மதில் தெரிந்தது. கையை இறக்கி இருபத்தொரு நிமிடம் ஆகியிருந்தது.

"ஆமா" என்றாள் மங்கையர்க்கரசி.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவள் வரிசைக்குப் போய், காம்பு ஒடியாமல் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டாள். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது, அமெரிக்காவில் அப்போது விடிந்திருக்காது, அம்மா தூங்காமல் இருந்திருப்பாள். மங்கை போனை எடுப்பதற்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியைக் குனிந்து அவர் காலடியில் ஊற்றினாள். தண்ணீர் நடைபாதையில் பரவ, பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தள்ளிவைத்து இடம் விட்டார்கள்.